தகவல் துளி: ஜேம்ஸ் பிரெய்ட்வுட்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகராட்சி 1824-ல் ஒரு தீயணைப்புப் படையை அமைத்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டுக்கு அப்போது வயது 24. பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே அந்நகரின் வரலாறு காணாத பெருந்தீ!

அவர் ஆள் எடுத்த விதமே தனி. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலை செய்பவர் என்று கட்டடத்தின் எலும்பும் நரம்பும் தெரிந்தவர்களைச் சேர்த்தார். விடியற்காலை நான்கு மணிக்குப் பயிற்சி. இருட்டில் வேலை செய்யப் பழக வேண்டாமா! தெருவில் நின்று புகைமேல் தண்ணீரைப் பீய்ச்சாதே, உள்ளே போய் தீயின் மூலத்தில் அடி, ஆனால் தனியாகப் போகாதே என்பது அவர் வகுத்த முறை.

1833-ல் லண்டன் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே படையை நடத்தியவை காப்பீட்டு நிறுவனங்கள், அரசு அல்ல.

1861 ஜூன் 22. தேம்ஸ் கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீ. சணல், பருத்தி, மாட்டுக்கொழுப்பு, சர்க்கரை எல்லாம் எரிந்தன. தீ பரவாமல் தடுக்கும் இரும்புக் கதவுகளை யாரோ திறந்தே விட்டிருந்தார்கள். களைத்துப்போன வீரர்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரெய்ட்வுட் மீது சுவர் சரிந்தது. உடலை மீட்கவே இரண்டு நாளாயிற்று. தீயோ இரண்டு வாரம் எரிந்தது.

நஷ்டத்தில் ஆடிப்போன காப்பீட்டு நிறுவனங்கள் இனி எங்களால் ஆகாது என்று கைவிரிக்க, 1865-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு லண்டனுக்குப் பொதுப்பணத்தில் இயங்கும் தீயணைப்புப் படை கிடைத்தது.