துரத்தும் நாயும் உடையவர் கடமையும்

“கடிக்கவில்லையே, துரத்தியதோடு சரிதானே!” அயலார் முறையிடும்போது நாய் வளர்ப்போர் கூறும் மறுமொழி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். தோட்டத்து லயங்களில் இதைக் கேட்டோம். தோட்டம் விட்டுக் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும் இதையே கேட்கிறோம். இம்மறுமொழிக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. பல் படாதவரை தீங்கில்லை என்பது ஒன்று. நாய் தன் இயல்பிற் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

நாய் ஏன் துரத்துகிறது என்பதை முதலிற் காண்போம். பசியால் என்பர் சிலர். பகையால் என்பர் சிலர். ‘தின்ற கொழுப்பு’ என்று பேச்சை முடித்துவிடுவோர் பலர். நாயின் மூதாதை ஓநாய் இனம். ஓநாயின் வேட்டை ஒரு தனிச் செயலன்று. சங்கிலிபோல் தொடரும் பல செயல்களின் கோவை. இரையின்பால் திரும்புதல், கண்ணிமையாது உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல், உண்ணுதல் என அது நிகழும். அமெரிக்க உயிரியலறிஞர் ரேமண்ட் காப்பிங்கரும் அவர்தம் துணைவியார் லோர்னாவும் நாய்களைப் பற்றி 2001இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். மனிதன் நாயைப் பழக்கிப் பல இனங்களாக வளர்த்தெடுத்தபோது இச்சங்கிலியின் கண்ணிகள் சிலவற்றை வலுப்படுத்தினான். சிலவற்றைத் தேயச் செய்தான். ஆட்டு மந்தையை மடக்கும் பார்டர் கோலி இனத்தில் உற்றுப் பார்த்தலும் பதுங்குதலும் துரத்துதலும் மிகுந்து, கவ்வுதல் அடங்கியிருக்கும். நம் லயத்து நாய்களை எவரும் அவ்வாறு தெரிந்தெடுத்து வளர்க்கவில்லை. எந்த நாயிடம் எந்தக் கண்ணி வலுத்திருக்கிறது என்பது ஓடும் கோழியொன்றை அது காணும்வரை உடையவருக்கே தெரியாது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துரத்துதல் என்னும் கண்ணி, உண்ணுதலை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஓட்டமே நாய்க்கு இன்பம். அவ்வின்பமே அதற்குப் பரிசு. ஆகலின் வயிறாரச் சோறுண்ட நாயும் துரத்தும். கூண்டிற் புகுந்த நாய் பத்துக் கோழிகளைக் கொன்றுவிட்டு ஒன்றையும் தின்னாமல் திரும்புவது இதனாலேயே. ஒவ்வொரு கோழியும் சிறகடித்துப் பதறும்போது சங்கிலி மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. ஒருமுறை துரத்தி இன்பங்கண்ட நாய் மறுமுறை இன்னும் எளிதில் துரத்தும். இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்துவிட்டாலோ, தனியே துணியாததையும் துணியும். “இன்றைக்கு ஏதோ செய்துவிட்டது, இனிமேல் செய்யாது” என்று உடையவர் தரும் உறுதிமொழியை நான் பொருட்படுத்துவதில்லை.

துரத்தலைத் தூண்டுவது அசைவு. முதுகை வளைத்து மயிர் சிலிர்த்து நிற்கும் பூனையின்முன் நாய் தயங்குவதையும், அதே பூனை திரும்பி ஓடத் தொடங்கியதும் பாய்வதையும் பலரும் கண்டிருப்பர். மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளையைத் துரத்துவதும் இவ்வகையே. (இறங்கி நில், ஓடாதே, வண்டியை நாய்க்கும் உனக்கும் நடுவில் வைத்துக்கொள் என்று ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது என் வழக்கம்.)

நாய்க்கும் பூனைக்கும் பிறவிப் பகை உண்டு என்பாரும் உளர். அதுவும் சரியன்று. ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, அது யாரைத் தன் சுற்றமாகக் கொள்ளும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது என்று காட்டிற்று. பூனைக்குட்டிக்கு அக்காலம் இன்னும் முந்தியது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை என்பர்.

பட்டினப்பாலை பயிற்றும் ஆசிரியர்களுக்கு ஈண்டு ஒரு காட்சி நினைவுக்கு வரும். காவிரிப்பூம்பட்டினத்தில் குவித்து வைத்த பண்ட மூட்டைகளின்மேல் ஏறி, ஆண் நாய்கள் ஆட்டுக்கடாக்களோடு துள்ளித் திரிவதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். நாயைக் குறிக்க அவர் ஆளும் சொல் ஞமலி. உவமை நயத்தையும் அருஞ்சொற் பொருளையும் சொல்லிவிட்டு நாம் அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். குட்டிப் பருவத்திலேயே ஒரே முற்றத்தில் கூடி வளர்ந்த விலங்குகளிடம் காணத்தக்க பழக்கம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்க்குப் பாட்டு இன்னும் நெருக்கமாகும். இத்தாலியில் மரெம்மா இன நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்த்து மந்தைக் காவலுக்கு விடுவது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகரையடுத்த மிடில் தீவில் சிறு பெங்குவின் பறவைகளை நரிகளிடமிருந்து காக்க 2006இல் இவ்வின நாய்களையே கொண்டுவந்து நிறுத்தினர். ஆயினும் இதை வைத்து ஏமாறலாகாது. தன் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் உறங்கும் நாய், அடுத்த வீட்டுப் பூனை வேலியோரம் ஓடினால் துரத்தும். சுற்றமென்று அது கொண்டது அந்த ஒரு பூனையைத்தான்.

இனி, பல் படாத தீங்கிற்கு வருவோம். முன்பு நான் பணியாற்றிய தோட்டமொன்றில் ஓர் அம்மையார் ஆறு ஆடுகள் வளர்த்து வந்தார். பால்வெட்டு வேலை நின்றபின் அவருக்கு அதுவே வருமானம். நான்கு மாதச் சினையாடு ஒன்றை இரண்டு நாய்கள் செம்பனைக் காட்டினூடே துரத்தின. ஆடு வடிகாலில் விழுந்து தானே ஏறி வந்துவிட்டது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மூன்றாம் நாள் விடியலில் இரண்டு குட்டிகளைச் செத்தே ஈன்றது. நாய்க்கு உடையவரான இளைஞர் வந்து ஆட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க பல்லு பட்டிருக்கு, காட்டுங்க பெரியம்மா” என்றார். “பல்லு படலப்பா, வயிறு கலங்கிப் போச்சு” என்றார் அம்மையார். மண்டோர் பேசிப் பார்த்தார், நானும் பேசினேன். பயனில்லை. மூன்று வாரத்திற்குள் இரண்டு நாய்களும் நஞ்சுண்டு செத்துக் கிடந்தன. யார் வைத்தது என்பதை இன்றுவரை எவரும் சொல்லவில்லை. என் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருந்த அவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் மறுவாரம் தாமாகவே இடம் மாறி அமர்ந்தனர். ஆசிரியர் யாரும் மாற்றவில்லை.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். முற்றிய சினையில் அஞ்சி ஓடுவதும் விழுவதும் குட்டி வீசுவதற்குக் காரணமாகலாம். அச்சமுற்ற பசுவின் குருதியில் அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுந்து, பாலை இறங்கச் செய்யும் சுரப்பின் வேலையைத் தடுத்துவிடுகிறது. மடியில் பால் இருந்தும் கறக்க வராது. மிரண்ட கோழிகள் முட்டையிடுவதும் குறையும். மூலையில் அடைபட்ட பூனை கடைசியில் திரும்பி நின்று நாயின் கண்ணையே கீறிவிடுவதும் உண்டு. அந்தத் துரத்தலால் நட்டப்படுபவர் நாய்க்கு உடையவர்.

சட்டம் இவ்வுண்மையை மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, தன் நாய்க்கு அத்தகைய தீக்குணம் உண்டென்று உடையவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதை இழப்புற்றவர் மெய்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் முதற்கடி உண்டு என்று மக்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் மாடுகளையும் செம்மறிகளையும் பொறுத்தவரை அந்த மெய்ப்பிப்பு வேண்டாம் என்றது. 1906இல் குதிரையும் வெள்ளாடும் பன்றியும் சேர்ந்தன. 1928இல்தான் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளுக்கு இடம் கிடைத்தது. ஏழை வீட்டுக் கோழிக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பு! பின்னர் 1953ஆம் ஆண்டுச் சட்டம் நம் பொருளுக்கு இன்றியமையாத ஒன்றைச் செய்தது. வேளாண் நிலத்தில் கால்நடைக்கு ஊறோ துன்பமோ, சினையழிவோ, பயன் குறைவோ நேரக்கூடிய வகையில் நாய் துரத்துவதையே அது குற்றத்துள் அடக்கிற்று. அந்த அம்மையார் சொன்னதும் அதுதான். சட்டச் சொற்கள்தாம் அவரிடம் இல்லை.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் மனுநீதிச் சோழன் வரலாற்றில், தேர்க்காலில் கன்று தானே வந்து விழுந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கழுவாய் செய்தாற் போதும் என்று அமைச்சர் கூறியதை மன்னன் ஏற்கவில்லை. அவன் விதித்த தண்டனை நம்மாற் பின்பற்றத்தக்கதன்று. ஆனால் ‘தெரிந்தா செய்தான்?’ என்ற கேள்வியோடு அவன் நின்றுவிடாமல், தாய்ப்பசு இழந்தது என்ன என்று பார்த்தான்.

மலேசியாவில் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 289ஆம் பிரிவு, தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவதைக் குற்றமாக்குகிறது. ஆட்டையும் பூனையையும் அப்பிரிவு பேசவில்லை. நாய்க்கு உரிமம் பெறுவது உள்ளாட்சி மன்றங்களின் துணைச் சட்டங்களைச் சார்ந்தது. நஞ்சு வைத்துக் கொல்வதோ 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றம். ஆக, துரத்திய நாயின் உடையவரைவிட, துயரம் தாளாமல் நஞ்சு வைத்தவரே எளிதில் சட்டத்தின் பிடியில் அகப்படுவார். சிங்கப்பூரில் நாய்க்கு உரிமமும் நுண்சில்லும் வேண்டும். பொது இடங்களில் கயிற்றிற் பிடித்துச் செல்லவும் வேண்டும். அங்கு வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் இசைவு கிடைத்தது.

உடையவர் யார் என்பதே நம்மிடம் தீராத வழக்கு. “சோறு போடுவேன், அவ்வளவுதான், என் நாய் இல்லை” என்று மூன்று வீட்டார் சொல்லும் நாய்க்கு மூன்று வீட்டுப் பெயரும் உண்டு! இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம், நாயை உடைமையாகவோ தம் வசத்திலோ வைத்திருப்பவரை வளர்ப்பவர் என்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நாயானால் குடும்பத் தலைவரும் வளர்ப்பவரே. கைவிட்டாலும், வேறொருவர் ஏற்கும்வரை பொறுப்பு நீங்காது. தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேறியபோது எத்தனை நாய்கள் வெற்று லயங்களில் விடப்பட்டன என்பதை நேரில் கண்டவன் நான்; பின்னாளில் ஆடுகளைத் துரத்திய கூட்டங்கள் அவற்றின் வழி வந்தவை. அதே சட்டம் நாய் வளர்ப்பவருக்கும் நீதி செய்கிறது. கால்நடையே வழிதவறி நாய்க்கு உரியவர் நிலத்துள் புகுந்து அங்கே கொல்லப்பட்டால் அவர்மீது இப்பொறுப்பு விழாது. கோழியைத் திறந்துவிட்டுவிட்டு அடுத்த வீட்டு வேலிக்குள் நாயைக் குறை கூறுவோர் இதைக் கருதுக. பூனையை மட்டும் அச்சட்டமும் கால்நடையாக எண்ணவில்லை. பயன் தரும் உயிரையே சட்டம் காசாகக் கணக்கிடுகிறது போலும்.

கட்டுப்பாடு என்றவுடன் நம்மவர் கைக்கு வருவது கம்பு. துரத்தி முடித்துத் திரும்பி வந்த நாயை அடித்தால், அது துரத்தியதற்கு அடி என்று கொள்ளாது. திரும்பி வந்ததற்கு அடி என்றே கொள்ளும். அடுத்தமுறை அழைத்தால் வராது. செத்த கோழியை நாயின் கழுத்திற் கட்டும் நாட்டு வைத்தியம் சில நாடுகளில் உண்டு; அதனால் நாற்றம் தவிர வேறு பயன் கிடைப்பதாகத் தெரியவில்லை. நாள் முழுதும் சங்கிலியில் கிடந்த நாய் அவிழ்த்தவுடன் வெறியோடு ஓடும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை ஊர் சுற்றுவதைக் குறைக்கும். கண்முன் ஓடும் பூனையை மறக்கச் செய்யாது. வேலி, கயிறு, துரத்தும் வாய்ப்பே கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுதல், நீண்ட கயிற்றில் கட்டி அழைத்தவுடன் வரப் பழக்குதல் ஆகியவையே பயன் தருபவை. இதற்கு நாள்தோறும் அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி இல்லாதவர் நாய் வளர்க்காமலிருப்பது நலம். ‘நான் ஒரு நாய்’ என்று நம் மாணவர் எழுதும் தன்கதைக் கட்டுரைகளில் நன்றியும் காவலும் தவறாமல் வரும். அடுத்த வீட்டுக் கோழி வந்து நான் பார்த்ததில்லை.

வீடமைப்புப் பகுதிகளில் நாய் நம்முடையதாகவும், பூனை மலாய் அண்டை வீட்டாருடையதாகவும் இருப்பது இயல்பு. நாயின் எச்சில் பட்டதை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் ஷாபியி நெறி. துரத்திச் சென்ற நாய் அவர்கள் முன்றிலில் நுழைந்தால் பூனைக்கு நேர்ந்ததோடு இதுவும் சேர்கிறது. முறையீடு வரும்வரை காத்திராமல் நாமே முதலிற் போய் நிற்பதும், பூனையை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் முறை. நாய்ப்பல் தோலில் இடும் துளை சிறிது, மயிருக்குள் மறைந்துவிடும். உள்ளே தசை கிழிந்து ஓரிரு நாளில் சீழ் பிடிக்கும். துரத்தப்பட்ட ஆடாயின் மயிரை விலக்கித் தொடை, கழுத்து, மடி ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். சினையாடாயின் ஒரு வாரமேனும் தனிக் கொட்டிலில் வைத்துத் தீனி எடுக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து வர வேண்டும்.