மயில் மலையில் ஒலித்த சலங்கை!

குட்டீஸ், திருச்சியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சுமார் 30 கி.மீ. போனதும், ஒரு பாறைக் குன்றும் அதன் உச்சியில் ஒரு கோயிலும் கண்ணில் படும். அதுதான் விராலிமலை! புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஊர்.

மலை ஏற 200க்கும் அதிகமான படிகள் உண்டு. மேலே ஆறுமுகத்தோடு மயில்மீது அமர்ந்திருக்கிறார் முருகன். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இந்த முருகனைப் பாடியிருக்கிறார். படியேறும்போது 'க்யாவ்... க்யாவ்...' என்று சத்தம் கேட்கிறதா? பயப்படாதீர்கள், மயில்தான்! மயில் முருகனின் வாகனம் என்பதால் ஊர்க்காரர்கள் அதைத் துன்புறுத்துவதில்லை. 1963-ல் மயில் நம் தேசியப் பறவை ஆனது. அதற்கு முன்பே இங்கே அதற்கு மரியாதை இருந்தது!

மயில் மட்டுமா ஆடியது? இந்தக் கோயிலில் ஒரு காலத்தில் 32 பெண்கள் ஆடினார்கள்!

சதிர் என்றால்?

அவர்கள் ஆடிய ஆட்டத்தின் பெயர் சதிர். நீங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பார்க்கும் பரதநாட்டியம் சதிரிலிருந்து வந்ததுதான். 1930-களில்தான் 'பரதநாட்டியம்' என்ற பெயர் பரவியது. இப்போது ஒருவர் பாட, இன்னொருவர் ஆடுவார். விராலிமலைச் சதிரிலோ, ஆடுகிறவரே பாடவும் வேண்டும். ஓடிக்கொண்டே பாடிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்!

குறத்தி கைரேகை பார்த்துக் குறி சொல்லும் 'விராலிமலைக் குறவஞ்சி' நாடகமும் இந்த ஊரின் பெருமை.

ஏன் நின்றது?

கோயிலில் ஆடிய பெண்களைச் சிறு வயதிலேயே 'பொட்டுக்கட்டி' கோயிலுக்கு என்று விட்டுவிடுவார்கள். பிறகு மற்றப் பெண்களைப் போல் அவர்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. 'உனக்குச் சம்மதமா?' என்று அந்தச் சிறுமியை யாரும் கேட்டதில்லை. பலருடைய வாழ்க்கை துன்பத்தில் முடிந்தது.

இதை எதிர்த்துப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் இதே மரபில் வந்தவர்தான்! 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இங்கேயும் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது.

சிறுமிகளுக்கு விடுதலை கிடைத்தது, நல்லதுதான். ஆனால், அந்த வழக்கத்தோடு சேர்ந்து கோயிலில் சதிரும் மெல்ல நின்றுபோனது. கலை என்ன தப்பு செய்தது, சொல்லுங்கள்?

கடைசியாக ஒருவர்

32 பேரில் கடைசியாக மிஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழாவது தலைமுறைக் கலைஞர். ஏழு வயதில் ஆடத் தொடங்கியவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் நட்டுவனாரான அவருடைய அப்பா. மேடையும் வருமானமும் போன பிறகும், அவர் பாட்டையும் அடவுகளையும் மறக்கவில்லை. பரதநாட்டியக் கலைஞர்கள் அவரைத் தேடி விராலிமலைக்கு வந்து சதிர் கற்றுக்கொண்டார்கள். 2022-ல், 80 வயதைத் தாண்டிய அவருக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது!

பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால், எந்தச் சொல்லுக்குக் கண் எப்படிப் பேச வேண்டும், மூச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் இன்னொருவருக்கு நேரில் கற்றுக்கொடுத்தால்தான் வரும். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அத்தோடு போச்சு!

உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் கும்மிப் பாட்டோ, தாலாட்டோ, நடவுப் பாட்டோ தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை நிறுத்திவிட்டு, 'ஒரு பாட்டு சொல்லிக் கொடுங்க ஆயா' என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, கூடவே பாடிப் பழகுங்கள். அப்போதுதான் உங்கள் வீட்டுப் பாட்டு உங்கள் பாட்டியோடு நின்றுவிடாது. சரியா குட்டீஸ்?