காதில் தொடங்கும் பேச்சு

காது கேளாமல் பிறக்கும் குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், 'ங்கா' சொல்லும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குப் பிறவியிலேயே கேட்கும் திறனில் குறை இருந்தும், வீட்டார் கண்ணில் அது எளிதில் படாததற்கு இதுவே காரணம். கதவை ஓங்கிச் சாத்தினால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதே என்பார்கள். அது தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பியிருக்கலாம். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்ற சமாதானம் வரும். பிறகு நாக்கில் வசம்பு தேய்ப்பது, அதன்பின் நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சதையை வெட்டிவிடலாமா என்ற யோசனை. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளிவில்லாமல் வரலாமே தவிர, பேச்சே வராமல் போகாது. பேசாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான்.

குழந்தை பிறந்த ஓரிரு நாளிலேயே அதைப் பார்த்துவிட முடியும். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்து மெல்லிய ஒலியை அனுப்பினால், உட்காதிலுள்ள நுண்ணிய செல்கள் பதில் ஒலி தரும். ஓஏஇ எனப்படும் இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் தேறாத குழந்தைக்கு 'பெரா' சோதனை: தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பின் வழியே மூளைத்தண்டுவரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் சோதனையில் தேறவில்லை என்பதாலேயே காது கேளாது என்று பொருளில்லை. பிறந்தபோது காதில் தங்கிய நீரும் வெண்மாவுப் படிவும்கூட முடிவை மாற்றிவிடும். அதற்காக மறுசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவதில்தான் ஆபத்து. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கடும் மஞ்சள்காமாலை வந்த குழந்தை ஆகியோருக்கு இந்தச் சோதனையை விடவே கூடாது. மூளைக்காய்ச்சல் வந்துபோன குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம். உட்காதில் எலும்பு வளர்ந்து மூடிக்கொண்டால், பிறகு உள்வைப்புக் கருவி பொருத்துவதே கடினமாகிவிடும்.

குறை ஓரளவு என்றால் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி போதும். அதனால் பயனில்லாத அளவு தீவிரமான குறைக்குத்தான் காக்ளியர் இம்ப்ளான்ட் எனும் உள்வைப்புக் கருவி. தமிழகத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் ஒலிச்செயலி ஒலியை மின்துடிப்பாக மாற்ற, உள்ளே வைத்த மின்முனை நேரடியாக நரம்பைத் தூண்டும். கருவியை இயக்கிவைக்கும் முதல் நாளில் குழந்தை பேசிவிடும் என்று காத்திருக்கும் பெற்றோர் பலர். பெரும்பாலும் அது அன்று திகைத்துப் பார்க்கும், அல்லது அழும். மூன்று வயதுக் குழந்தையானாலும் கேட்பதைப் பொறுத்தவரை அன்றுதான் அதற்கு முதல் பிறந்தநாள்.

உண்மையான வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பயிற்சி அறையில் குழந்தை ஒரு மரக்கட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும். தெரபிஸ்ட் வாயை மறைத்துக்கொண்டு 'ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்' என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒலி கேட்டதும் கட்டையை டப்பாவில் போட வேண்டும். பேச்சிலுள்ள தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். இதையே தாய் தினமும் காலையில் வீட்டில் செய்து பார்க்கலாம். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால், பேட்டரி தீர்ந்திருக்கலாம், வியர்வை ஈரம் இறங்கியிருக்கலாம், காதுக்குள் பொருத்தும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கலாம். வாரத்தில் ஓரிரு மணி நேரமே மையத்தில், மிச்சமெல்லாம் வீட்டில்தான். காய் நறுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட நல்ல பாடம் கிடையாது. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, பெற்றோரையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டு இளம் குழந்தைகளுக்குப் பேச்சு கற்றுத்தரும் பள்ளி. கருவியால் பலன் கிடைக்காத குழந்தைக்குச் சைகை மொழி முழுமையான மொழிதான். எந்த மொழியும் இல்லாமல் ஆண்டுகளைக் கழிப்பதுதான் பெரிய இழப்பு.

முதியவர்களின் சிக்கல் வேறு. 'கேட்குது, ஆனா புரியலை' என்பார்கள். வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது உச்ச ஒலிகள். ச, த, க போன்ற மெய்யொலிகள் மங்கிப்போக, உயிரொலிகள் மட்டும் காதில் விழும். கத்திப் பேசினால் இரைச்சல்தான் கூடும். முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் புரியும். ஆடியோகிராம் எடுத்து அதற்கேற்பக் கருவியை அமைக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கி எல்லாச் சத்தத்தையும் ஒரேமாதிரி கூட்டிவிடுவதால், அது சில நாளில் மேசை டிராயருக்குள் போய்விடுகிறது. நல்ல கருவிக்கும் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அழுக்கு என்று எண்ணெய் ஊற்றவும் கூடாது. அது நரம்புக் கோளாறாக இருந்தால், சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

பேச்சுச் சிகிச்சை, காது கேளாதவர்களுக்கு மட்டுமானதல்ல. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்குவாய் பல குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும்; 'மெதுவாச் சொல்லு' என்று இடைமறிப்பது உதவாது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு நாக்கு குழறும். சிலருக்கு நாக்கு நன்றாக இயங்கினாலும் சொல் வராது, தண்ணீர் கேட்க நினைத்து வேறெதையோ சொல்வார்கள். அவர்களுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்பது உறவினர்களுக்குப் புரியவே நாளாகும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அதைக் கவனிப்பதும் இதே தெரபிஸ்டின் பணிதான்.

இத்துறையில் பணிபுரிவோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும், குழந்தைகளுக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் முதல் சோதனைக்குப் போகலாம். 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குத் தமிழகத்திலிருந்தும் பலர் செல்கின்றனர்.