மலைநீரும் மின்னொளியும் சோறும்

கந்தப்பளையின் சரிவுகளிலே தேயிலை மலைகளும் மரக்கறிப் பாத்திகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என்பன இங்கிருந்து லொறியேறிக் கொழும்புக்குச் செல்கின்றன. இங்குள்ள பீலிகளில் வழியும் நீரும் இவ்வூரோடு நின்றுவிடுவதன்று. ஓடைகளாய் இறங்கி மகாவலியைச் சேர்ந்து, மின்சாரமாகவும் நெல்லாகவும் மாறுகின்றது. நீர், மின்சாரம், உணவு ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்து நோக்குதல் பொருந்தாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அறிவுலகம் இப்பிணைப்பைத் தனித்துறையாக ஆராயத் தலைப்பட்டது அண்மையிலேதான். 2011ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பொன் நகரிலே இதற்கென்றே ஒரு சர்வதேச மகாநாடு கூடிற்று. இன்று பல நாட்டுச் சர்வகலாசாலைகளில் மாணவர் இப்பொருள்பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்து வருகின்றனர். இவ்வாராய்ச்சியால் யாது பயன் என வினவுவோர்க்கு நம் நாட்டிலேயே தக்க உதாரணம் உண்டு.

நானுஓயா, தலவாக்கலைப் பகுதிகளிற் பெய்யும் மழைநீர் கொத்மலையைக் கடந்து, கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையை அடைகின்றது. 1976ஆம் ஆண்டு தொடக்கம் அவ்விடத்திலே ஆற்றுக்கு இரண்டு வழிகள். சுரங்கத்தினூடே வடக்கே திருப்பினால், உக்குவளையிலுள்ள ஏறக்குறைய 40 மெகாவாற்று மின்நிலையத்தை இயக்கிவிட்டு, வறண்ட வலயத்துக் குளங்களை நிரப்பும். ஆற்றின் போக்கிலேயே விட்டாலோ, 210 மெகாவாற்று ஆற்றலுள்ள விக்டோரியாவையும், அதன் கீழுள்ள ரந்தெனிகலை, ரந்தம்பை நிலையங்களையும் இயக்கும். ஒரே நீர் இரு வழியும் செல்லாது. வடக்கின் வயல் செழித்தால் மின்சாரம் குறையும்; மின்சாரம் பெருகினால் அவ்வயல் வாடும். ஆதலினாலே, பெரும்போகம், சிறுபோகம் ஒவ்வொன்றுக்கும் முன்னதாக, நீரைப் பங்கிடுவதற்கு மகாவலி அதிகாரசபையும் மின்சாரத் துறையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கூடித் திட்டம் வகுக்க வேண்டியுள்ளது.

இக்கணக்கிலே மலையகத்தின் பங்கு நீர் மட்டுமன்று. செங்குத்தான சரிவுகளில் மழை கழுவும் மண், கீழே நீர்த்தேக்கங்களிற் சேறாய்ப் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கின்றது. உழவன் இழக்கும் வளம், மின்நிலையத்துக்கும் நட்டமாகின்றது.

பிணைப்பு அறுந்தால் நேர்வது யாதென்பதையும் நாம் கண்டோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட, விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் எரிபொருளின்றி நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. மின்சாரமின்றேல் கொழுந்தை வாட்டும் விசிறியும் சுழலாது. எண்ணெயின்றேல் மரக்கறி லொறியும் நகராது. வெயிலிலும் பனியிலும் உழைப்போரின் அன்றாட வருவாயே இச்சங்கிலியில் தொங்குகின்றது.

நிலத்தில் நீரைத் தேக்கி வைப்போரே உயிர்காப்போர் எனும் கருத்தைச் சங்கப் புலவர் குடபுலவியனார் பாண்டியனுக்கு எடுத்துரைத்தார். நீரைத் தேக்கும் முதல் இடம் அணையன்று. அதற்கு மேலுள்ள காடும் சரிவுமேயாம். எந்தச் சரிவு முதலிற் கரைகின்றது, எந்த மாதம் பீலி வற்றுகின்றது என்பனவற்றை லயத்துப் பிள்ளைகள் பிறரினும் நன்கு அறிவர். ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் கொண்டு அவற்றை நாள்தோறும் அளந்தெழுதுதல் மாணவர்க்கு அரிய செயலன்று. பங்கீடு பேசப்படும் மன்றங்களில் மலையகத்தின் குரலும் கணக்கோடு ஒலித்தல் வேண்டும். அக்கணக்கை எழுதுவோர் நம் வகுப்புகளிலேயே இன்று அமர்ந்திருக்கின்றனர்.