தாராவியின் குப்பை நிலம் காடானது எவ்வாறு?

மும்பையின் சயான் ரயில் நிலையத்திலிருந்து பாந்த்ராவை நோக்கிச் செல்லும் இணைப்புச் சாலையில் நடப்பவருக்கு இடப்புறம் தாராவி. வலப்புறம் ஒரு காடு. சாலையின் அகலமே இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு. ஒரு பக்கத்தில் தோல் பதனிடுவோரும் மட்பாண்டம் வனைவோரும் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்போரும் நெருங்கி வாழும் சுமார் 600 ஏக்கர் நிலப்பரப்பு. அங்கு வாழ்வோர் தொகை 6 லட்சம் முதல் 10 லட்சம் வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. மறுபக்கத்தில் மித்தி ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 37 ஏக்கரில் விளங்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. பேருந்துப் பணிமனைக்கு எதிரே உள்ள வாயிலைக் கடந்து ஐம்பது அடி நடந்தவுடன் வெளியிலுள்ள இரைச்சல் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

உள்ளே செல்பவர் காலடியில் இருப்பது இயற்கையான நிலம் அன்று. மாநகரின் குப்பை ஏறக்குறைய 27 ஆண்டுகள் கொட்டப்பட்ட இடம் இது. 1977ஆம் ஆண்டில் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. அந்நிலத்தை இயற்கைக் கல்விக்கான பூங்காவாக மாற்றலாம் என்ற யோசனையை உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியப் பிரிவு முன்வைத்தது. மும்பை பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் அதனைச் செயற்படுத்த முன்வந்தது. 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கு மரக்கன்று நட்டார். 1991இல் இந்நிலம் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 1994 ஏப்ரல் 22 அன்று, உலக பூமி தினத்தில், பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. யோசனை தோன்றியதற்கும் வாயில் திறக்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் கடந்துவிட்டது என்பதை இத்துறை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

குப்பையில் வேர் பிடிப்பது

குப்பை மேட்டில் மரம் வளர்ப்பது எளிதன்று. மட்கும் பொருள்கள் காற்றில்லாச் சூழலில் சிதையும்போது மீத்தேன் வாயுவும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. இவை மண்ணின் இடுக்குகளிலுள்ள உயிர்வளியை வெளியேற்றிவிடுவதால் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. சிதைவினால் வெப்பமும் எழுகிறது. ஒரே ஆண்டில் ஓரிடம் ஒரு முழம் தாழ, மற்றோரிடம் அப்படியே நிற்கும். நட்ட மரம் சாய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலோ அது மண்ணில் தங்காமல், கந்தல்களுக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கும் இடையே புகுந்து கீழே இறங்கி, கழிவுச் சாற்றோடு கலந்து ஆற்றை அடையும். இவை போதாவென்று, கடற்கழியை ஒட்டிய இடமாதலால் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

எனவே இத்தகைய நிலங்களில் முதலில் செய்ய வேண்டுவது மேலே நல்ல மண்ணைப் பரப்புவதாகும். அடுத்து, வறட்சியையும் உப்பையும் தாங்கும் முரட்டு மரங்களும் செடிகளும் நடப்படுகின்றன. அவற்றின் பணி அழகு தருவதன்று. நிழலும் சருகும் தருவதே. சருகு விழுந்து மட்கி, மண்புழுவும் பூஞ்சையும் பெருகி, விரற்கடை அளவு கறுத்த மண் சேர்ந்த பின்னரே மென்மையான இனங்களுக்கு இடம் உண்டாகிறது. இந்தப் படிமுறையை எந்த அதிகாரியும் ஆணையிட்டு விரைவுபடுத்த முடியாது. மண்ணை லாரியில் கொண்டுவரலாம். மட்கிய இலையின் அடுக்கு அங்கேயே உண்டாக வேண்டும்.

இன்று அப்பாதையில் நடப்பவர் இதன் விளைவைக் காண்கிறார். மரங்களின் கிளைகள் தலைக்கு மேல் பின்னிக்கொள்கின்றன. மூலிகைகள் தனியே வளர்க்கப்படுகின்றன, நாற்றங்காலும் உண்டு. மழைக்காலத்தில் பெய்யும் நீர் குளத்தில் தேக்கப்பட்டு, மழையில்லாத நீண்ட மாதங்களில் செடிகளுக்குப் பயன்படுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும் ஒரு நகரில் இது சிறிய வசதி அன்று. செம்மார்புக் குக்குறுவான் தட்டும் ஓசையும் குண்டுகரிச்சானின் சீழ்க்கையும் கேட்கின்றன. குளக்கரையில் மீன்கொத்தி அமர்ந்திருக்கும். இவை யாராலும் கொண்டுவந்து விடப்பட்டவை அல்ல. உணவும் கூடு கட்ட இடமும் கிடைத்ததால் தாமாக வந்தவை. வண்ணத்துப்பூச்சிகளும் அவ்வாறே.

பாதை இறுதியில் மித்தி ஆற்றங்கரையை அடைகிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரால் உருவாகிச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழியில் கடலைச் சேரும் இந்த ஆறு, வழியெங்கும் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து வருகிறது. கரையிலுள்ள அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் பிளாஸ்டிக் பைகள் சிக்கிக் கிடக்கின்றன. அக்கரையில் பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. நாட்டின் மிக உயர்ந்த அலுவலக வாடகைகளுள் சில அங்கு வசூலிக்கப்படுகின்றன. ஆற்றின் இருகரைகளும் ஒரு காலத்தில் ஒரே சதுப்பு நிலத்தின் பகுதிகளாக இருந்தவை. வடகரை பணமாயிற்று, தென்கரையில் ஒரு துண்டு காடாயிற்று.

நிலத்தின் விலையும் மரத்தின் வயதும்

பொருளாதாரக் கேள்வி இங்குதான் எழுகிறது. மகாராஷ்டிர அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ரெடி ரெக்கனர் என்னும் வழிகாட்டி மதிப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இந்த 37 ஏக்கரின் மதிப்பு மிகப் பெரிய தொகையாக வரும். நுழைவுக் கட்டணமாகக் கிடைக்கும் வருவாயோ அதன் முன் ஒரு பொருட்டே அன்று. நூறு சதுர அடி அறையில் ஆறு பேர் வாழும் குடும்பங்கள் சாலையின் எதிர்ப்புறத்தில் இருக்கும்போது, மரங்களுக்கு இவ்வளவு இடமா என்று கேட்பவரை மனிதநேயம் அற்றவர் என்று தள்ளிவிட முடியாது. கேள்வி நேர்மையானது.

ஆனால் அக்கேள்விக்கு விடை காண்போர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். ஒன்று, இது வெற்று நிலமன்று. அடியில் குப்பை இருக்கும் நிலத்தில் அடுக்குமாடி எழுப்ப வேண்டுமானால் கழிவை அகற்றவோ ஆழமாகத் தூண்கள் இறக்கவோ வேண்டும். வாயு வெளியேற வழி செய்ய வேண்டும். வழிகாட்டி மதிப்பில் இச்செலவு கழிக்கப்படுவதில்லை. மற்றொன்று, காலம். நாற்பதாண்டு மரத்தை நாற்பது ஆண்டுகளில் மட்டுமே பெற முடியும். ஒரு திட்டத்துக்கான ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கினால் சாலை விரைவாக முடியும், கட்டடம் விரைவாக முடியும். சருகு மட்கும் வேகம் மாறாது. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் கன்று நடுவதென்னும் வழக்கமான ஏற்பாட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கும். வயது சரியாக இராது. நம் கணக்கேடுகளில் வயதுக்கென்று ஒரு பத்தி இல்லை.

திறந்தவெளியின் தேவையை மும்பை அறியாததன்று. 1896இல் பிளேக் நோய் நகரை உலுக்கியதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் அகன்ற தெருக்களும் சாலையோர மரங்களும் தோட்டங்களும் முதலிலேயே வரையறுக்கப்பட்டன. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்கள் என்னும் பகுதி இன்றும் அதற்குச் சான்று. ரயில் பாதைக்குக் கிழக்கே அவ்வாறு வகுத்த நகரம், மேற்கே தாராவிக்கு எதையும் வகுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பல மாநிலத்தவர் சதுப்பைத் தாமே நிரப்பிக் குடியேறினர். தாராவியின் பக்கத்தில் இருக்கும் ஒரே பெரிய மரத்தோப்பு, குப்பை கொட்ட வேறிடம் தேடப்பட்டதால் கிடைத்தது என்பதைத் திட்டமிடுவோர் சற்று வெட்கத்துடனேயே படிக்க வேண்டும்.

2018இல் இப்பூங்காவின் நிலத்தைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துடன் இணைக்கும் யோசனை எழுந்தது. குடிமக்கள் அமைப்புகள் எதிர்த்தன. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2023இல், பூங்கா அத்திட்டத்தில் சேராது என்று மாநில அரசு தெரிவித்தது. பாதுகாக்கப்பட்ட வனம் என்னும் 1991ஆம் ஆண்டு அறிவிப்பு இவ்விடத்தில் பயன்பட்டது. மரம் நடும் விழாக்களில் செலுத்தப்படும் கவனத்தில் சிறு பகுதியேனும் நிலத்தின் சட்டநிலையில் செலுத்தப்பட்டால் பல பசுமைத் திட்டங்கள் நிலைத்திருக்கும்.

பிற நாடுகளிலும் இதே அனுபவம் உண்டு. நியூயார்க் நகரில் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு 1948இல் தொடங்கி 2001இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,200 ஏக்கர். அங்கு குப்பையைப் பிளாஸ்டிக் படலத்தாலும் மண்ணாலும் மூடி, வாயுவைக் குழாய்களில் சேகரித்து, மேலே புல்வெளி வளர்த்துள்ளனர். புல்வெளிப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியுள்ளன. தெற்கு இங்கிலாந்தின் வெண்சுண்ணக்கல் குன்றுகளில் நிலைமை வேறு. அங்குள்ள பூக்கள் நிறைந்த புல்வெளி நூற்றாண்டுக் கணக்கில் ஆடுகள் மேய்ந்ததால் உருவானது. மேய்ச்சல் நின்றால் புதர் மூடிவிடும்; ஆகவே அதை மீட்போர் மீண்டும் ஆடுகளை ஓட்டி வருகின்றனர். ஓரிடத்தில் விலங்கை விலக்க வேண்டும், மற்றோரிடத்தில் கொண்டுவர வேண்டும். இரண்டிடத்திலும் பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் தொடர்கிறது. நம் திட்டங்களில் முதலீட்டுச் செலவுக்கு எளிதில் ஒப்புதல் கிடைக்கிறது. களை எடுக்கும் ஆளின் கூலிக்குத்தான் ஆட்சேபணை எழுகிறது.

அடுத்த சோதனை செம்பூருக்கு அப்பால் காத்திருக்கிறது. 1927 முதல் குப்பை குவிந்துவரும் தேவநார் கிடங்கின் பரப்பு சுமார் 132 ஹெக்டேர். அதாவது தாராவிப் பூங்காவைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 2016 ஜனவரியில் அங்கு மூண்ட தீயின் புகை பல நாள்கள் நகரின் மேல் படிந்திருந்தது. 2024இல் அந்நிலத்தில் சுமார் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்பில் இடம்பெயர்வோரின் குடியிருப்புக்கு வழங்க மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு முன் அங்குள்ள பழைய குப்பை அகற்றப்பட வேண்டும். எஞ்சிய நிலத்தில் ஒரு பகுதிக்கேனும் மண் பரப்பி, முரட்டுக் கன்றுகளை இப்போதே நட்டால், அங்கு குடியேறும் குடும்பத்தின் குழந்தை நடுவயதை எட்டும்போது நடப்பதற்கு ஒரு நிழற்பாதை இருக்கும்.