ஆட்டிசக் குழந்தைக்குப் பயிற்சி: வீட்டிலேயே தொடங்குங்கள்

பெற்றோர்களே!

உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடத்தைப் பயிற்சி தர வேண்டும் என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பேச்சு. "ஆம்பிளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார் பாட்டி. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் அத்தை. "சாமிக்கு வேண்டிக்கிட்டு ஒரு வருஷம் பாப்போம்" என்கிறார் தாத்தா.

வேண்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். சிறு வயதில் மூளை வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். வயது கூடிவிட்டதே என்று மனம் தளரவும் வேண்டாம். எந்த வயதிலும் கற்கலாம்.

யார் மேலும் குற்றமில்லை

ஆட்டிசம் (மதியிறுக்கம்) என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற அமெரிக்க மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது மருத்துவ உலகில் பரவலாகத் தெரிய வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று படித்தவர்களே சொல்லி வந்தார்கள். அது தவறு என்பது பின்னர் தெளிவாயிற்று. தடுப்பூசியாலும் இது வருவதில்லை. ஆகவே தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. நீங்கள் தனி ஆள் அல்ல.

ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மாத்திரையோ ஊசியோ கிடையாது. குழந்தைக்கு உதவுவது பயிற்சியே.

அடம் அல்ல, அது ஒரு கேள்வி

ஒரு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாகம். 'தண்ணி' என்று கேட்க வாய் வரவில்லை. கத்துகிறான், சுவரில் தலையை முட்டுகிறான். அம்மா ஓடி வந்து பாலைக் காட்டுகிறாள், பிஸ்கட்டைக் காட்டுகிறாள், கடைசியில் தண்ணீரைக் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது.

பிள்ளை இதில் கற்றது என்ன? தலையை முட்டினால் தண்ணீர் வரும் என்பதுதான். அவனிடம் இருக்கும் ஒரே பேச்சு அது. அதற்காக அடித்தால் வலிதான் மிச்சம். கேட்கும் வழி தெரியாது. முட்டாமல் கேட்பதற்கு வேறொரு வழியைச் சொல்லிக் கொடுப்பதே நடத்தைப் பயிற்சி.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் காதைப் பரிசோதியுங்கள். காது கேளாத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. திடீரென்று அழுகை கூடினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. ஒரு நோட்டு போடுங்கள். ஒரு வாரம், குழந்தை கத்தும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு அதற்கு என்ன கிடைத்தது. காரணம் தானாகத் தெரிய வரும்.

3. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. தண்ணீர் கேட்பதில் தொடங்கலாம்.

4. அழுகை வருவதற்கு முன்பே கற்றுக் கொடுங்கள். டம்ளரைக் குழந்தையின் கண்ணில் படும்படி வையுங்கள். அது டம்ளரைப் பார்த்ததும், அதன் விரலை மெதுவாகப் பிடித்துச் சுட்டிக் காட்ட உதவுங்கள். தொட்டால் பிடிக்காத குழந்தைக்கு நீங்களே சுட்டிக் காட்டுங்கள். "தண்ணி" என்று ஒரே சொல் சொல்லி, அந்த நொடியே கொடுங்கள். முதலில் இரண்டு மடக்கு போதும். மீண்டும் சுட்டினால் மீண்டும் கொடுங்கள். நாள் போகப் போக உங்கள் உதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்காகத் தண்ணீரையோ சோற்றையோ மறுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

5. மெச்சுங்கள். சரியாகச் செய்த உடனே சிரிப்பு, கைதட்டல், பிடித்த விளையாட்டு. அரைமணி கழித்துக் கொடுக்கும் மிட்டாய் எதற்கு என்று குழந்தைக்குப் புரியாது.

6. ஐந்தைந்து நிமிடமாக, நாளில் பல முறை. குளியல், சாப்பாடு, விளையாட்டு எல்லாமே பாடசாலைதான். கால்சட்டை போடக் கற்பிக்கும்போது, முட்டிக்கு மேல் வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள். கடைசி இழுப்பை மட்டும் குழந்தை இழுக்கட்டும். வேலையை முடித்த சந்தோஷம் அதற்கே கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிக் கொடுங்கள்.

7. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி. கத்தினால் செல்போன் இல்லை என்று அம்மா சொல்ல, "பாவம், புள்ள அழுவுது" என்று தாத்தா கொடுத்துவிட்டால் பயிற்சி வீண். பழைய வழி பலிக்காதபோது முதல் சில நாட்கள் கத்தல் கூடவும் செய்யும். பயப்படாதீர்கள். நடுவில் விட்டுக் கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று குழந்தை கற்கும். ஆனால் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் உடனே தடுத்து, பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

பேச்சு வராவிட்டால் படம் காட்டியோ சைகை செய்தோ கேட்கட்டும். அதனால் பேச்சு தடைப்படாது. 

செய்யக் கூடாதவை

அடிப்பது, சூடு போடுவது, அறையில் பூட்டுவது எதுவும் கூடாது. கையை ஆட்டுவது, சுற்றிச் சுற்றி வருவது யாருக்கும் தீங்கில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது குழந்தை தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் வழியாக இருக்கலாம். "மூன்று மாதத்தில் முழுக் குணம்" என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பயிற்சியின்போது பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்று சொல்லும் இடத்தில் ஏன் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் உங்களுக்கும் சேர்த்துத்தான் கற்றுத் தருவார்.

உதவி எங்கே கிடைக்கும்?

2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும் வரை காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நீங்களே சொல்லலாம். பெண் குழந்தை அமைதியாகத்தானே இருக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள்.

அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும்

இரவு பகலாக ஒருத்தியே பார்த்துக்கொண்டால் அவள் தளர்ந்துவிடுவாள். தகப்பனார் தினம் ஒரு வேளைப் பயிற்சியை ஏற்றுக்கொள்ளட்டும். அக்கா, அண்ணன் விளையாட்டாகச் சேரட்டும்.

சிறு துளி பெருவெள்ளம். சில வாரங்கள் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அப்போது நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் பாருங்கள். பத்து முறை தலையை முட்டிய பிள்ளை இன்று ஆறு முறை முட்டியிருந்தால், நான்கு முறை அவன் வேறு வழியில் கேட்டிருக்கிறான் என்று பொருள். இன்று மாலையே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு குழந்தையின் எதிரில் உட்காருங்கள்.