சிட்னி பாலம்: விரிசலையே பார்க்காத மெஷின், விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் 1932-ல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தில், பஸ் போகும் தடத்தை சுமார் 800 கான்கிரீட் வளைவுத் தாங்கிகள் சுமக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆள் போய்ப் பார்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதனால் அங்கே சுமார் 2,400 சென்சார்கள் பொருத்தப்பட்டன. பஸ் கடக்கும்போது ஏற்படும் அதிர்வை இவை பதிவு செய்யும்.

சரி, விரிசல் விட்டால் அதிர்வு எப்படி மாறும்? அதைக் கற்றுக்கொடுக்கப் போதுமான உதாரணங்கள் இல்லை. அதற்காகப் பாலத்தை உடைத்துப் பார்க்கவா முடியும்? எனவே, நல்ல நிலையில் உள்ள தாங்கியின் அதிர்வை மட்டும் மெஷின் லேர்னிங் கற்றுக்கொள்கிறது. அதிலிருந்து விலகினால் அலர்ட்!

ஆனால், கோளாறு தாங்கியிலா, சென்சாரிலா? அதை உறுதி செய்ய இன்ஜினீயர் நேரில் போய்த்தான் பார்க்கணும்.